டல்லு, அவ்வளவுதான்

அவளை நாங்கள் லைன் அக்கா என்று கூப்பிட்டோம். பெயர் எல்லோருக்கும் தெரியும். அட்டையில் எழுதி அவள் கழுத்திலேயே தொங்கியது. ஆனாலும் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

வில்லியனூர் பக்கம் அப்போது ஒரு ஷூ கம்பெனி இருந்தது. முழு ஷூ அங்கே தயாராகாது. பாதத்தின் மேல்பக்கத்தை மூடுகிற தோல் பாகத்தை மட்டும் வெட்டி, ஓரம் சீவி, தைத்து, பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கு அப்பர் என்று பெயர். தையல் பிரிவில் மூன்று வரிசை மெஷின்கள். இரண்டாவது வரிசைக்கு அவள் சூப்பர்வைசர். அந்த வரிசையில் நானும் செல்வியும் அடுத்தடுத்த மெஷின். ஒன்பது வருஷம் அங்கே தைத்தேன்.

எதையும் முடிந்துபோனதாகச் சொல்ல அவள் விடமாட்டாள். கோணலாகத் தைத்த ஒரு அப்பரைக் காட்டி "இது வேஸ்ட்டுக்கா" என்றால், "வேஸ்ட்டு இல்லடி, ரிப்பேரு" என்பாள். பிரித்துத் தைத்துப் பிரித்துத் தைத்துத் தோல் முழுக்க ஓட்டையாகியிருக்கும். அதையும் ரிப்பேர் கூடையில்தான் போடவேண்டும். சாயங்காலம் நாங்கள் வேன் ஏறப் போன பிறகு, அவளே அந்தக் கூடையைக் கிளறி, தேறாததையெல்லாம் எடுத்து வேஸ்ட் மூட்டைக்குள் தள்ளிவிடுவாள். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு நாள் அதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் மூட்டையின் வாயைக் காலால் மடக்கி மூடிக்கொண்டு, "இன்னாடி, வண்டி கெளம்பலியா?" என்றாள்.

எங்களுக்கு அவள் மேல் ஒரு பெரிய நம்பிக்கை. அது வந்த கதையைச் சொல்லவேண்டும். தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தாகவேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். துண்டுகளைச் சேர்த்து டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒருநாள் செல்வியின் ஊசி உடைந்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பவேண்டும். மேனேஜர் வந்து நின்று, "ஒரு முனைக்காக மொத்த லைனையும் நிறுத்துவீங்களாம்மா? விட்டுட்டு ஓட்டுங்க" என்றார்.

"அது எங்க சார் போயிடும்? இங்கதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கையில் காந்தத்தோடு மெஷின்களுக்கு அடியில் முட்டி போட்டுப் போனாள். அரைமணி நேரம். மேனேஜர் போய்விட்டு இரண்டு தடவை திரும்பி வந்தார். கடைசியில், தைத்து முடித்த ஒரு அப்பரின் உள்துணிக்குள் அது இருந்தது. சின்னப் பிள்ளை அளவு அப்பர். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினாள்.

"எந்த ஊரு புள்ளையோ. கால்ல ஏறியிருக்கும்."

அன்றிலிருந்து, அவள் ஒன்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். செல்வி எங்களைவிடவும் அதிகமாக. வரிசையிலேயே நல்ல கை செல்வியுடையது. விரல் நுனியால் தோலைத் தடவியே எங்கே மொத்தம், எங்கே மெலிசு என்று சொல்லுவாள். விரல்மேட்டு வளைவு, அதாவது ஷூவின் மூக்குப் பகுதி, அவளிடம்தான் போகும். ஒதியம்பட்டில் மகளோடு தனியாக இருந்தாள். புருஷன் வேறு ஒருத்தியோடு போய் வெகு நாளாகியிருந்தது. யாருடைய பேச்சையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. அக்காவை நம்பினாள்.

டல் என்ற சொல் எங்களுக்குள் வந்து உட்கார்ந்தது ஒரு திங்கட்கிழமை. சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி வைத்து மேனேஜர் பேசினார். வெளிநாட்டில் ஜனங்கள் பொருள் வாங்குவது குறைந்துவிட்டதாம். ரிசஷன் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்காதான் எழுந்து கேட்டாள்.

"அப்படின்னா இன்னா சார்?"

"பொருளாதார மந்தம்மா. மந்தநிலை. தொடர்ந்து ஆறு மாசம் வியாபாரம் கீழயே போச்சுன்னா அதுக்கு அப்படிப் பேரு."

"ஆறு மாசத்துக்கு அப்பறம்?"

"அப்பறம் மெல்ல மேல வரும். எப்பவும் அப்படித்தான் நடந்திருக்கு."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி. வேனில் திரும்பும்போது பின்சீட்டில் இருந்தவர்கள் பயந்துபோய், "கம்பெனிய மூடப்போறாங்களாக்கா?" என்று கேட்டார்கள்.

"மூடறதுன்னு யாருடி சொன்னது? டல்லு. அவ்வளவுதான். வேல டல்லு. ஆறு மாசம் கீழ போவும், அப்பறம் மேல வரும். சார் சொன்னாரு இல்ல."

அவர் சொன்னதில் அவளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குப் பயமே கிடையாது. பல்பு டல்லாக எரிகிறது என்கிறோம். கழுத்துச் சங்கிலி டல்லடிக்கிறது, பாலிஷ் போட்டால் சரியாகும் என்கிறோம். பிள்ளை கணக்கில் கொஞ்சம் டல். காய்ச்சல் விட்டவன் முகம் டல். எல்லாவற்றிலும், கொஞ்ச நாளில் தேறிவிடும் என்பது சொல்லாமலே சேர்ந்திருக்கிறது. செத்துப்போன மாட்டை யாரும் டல்லாக இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் அக்கா அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டாளோ என்னவோ. அவள் புருஷனைப் பற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள். "எப்படி இருக்காருக்கா?" என்றால் "கொஞ்சம் டல்லா இருக்காரு" என்பாள். கிருமாம்பாக்கத்தில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவர்கள் வீடு. அவர் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய், அப்போதே நான்கு வருஷம் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட வேலை செய்த அத்தனை பேரும், சுகர் ஜாஸ்தியாகி ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆறு நாள் வேலை ஐந்தாயிற்று. பிறகு நான்கு. மூன்றாவது வரிசையை முழுதாக நிறுத்தி, மெஷின்களின் மேல் பழைய போர்வைகளைப் போட்டு மூடினார்கள். எங்கள் வரிசையில் அவள் ஒரு மெஷினையும் மூட விடவில்லை. தைக்க எதுவும் இல்லாத நாளிலும் எண்ணெய் போடச் சொல்வாள். துடைக்கச் சொல்வாள். துண்டுத் தோலில் வளைவு தைக்கச் சொல்லி, பிரிக்கச் சொல்லி, மறுபடியும் தைக்கச் சொல்வாள்.

"கை பழக்கம் வுட்டுடக் கூடாது. ஆர்டர் வரச்சொல்ல கை ஓடணும்."

அப்படி அந்த மழைக்காலம் போயிற்று. தீபாவளி போயிற்று. மேனேஜர் சொன்ன ஆறு மாசம் முடிந்து இன்னொரு ஆறு மாசமும் ஓடிவிட்டது. யாராவது அதை எடுத்தால் "இந்த வாட்டி டல்லு கொஞ்சம் நீளுது" என்பாள், ஏதோ மழை விடாமல் பெய்வதைச் சொல்வதுபோல.

பொங்கலை ஒட்டி ஒரு செய்தி வந்தது. கடலூர் ரோட்டில் ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனி ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள், தையல் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று வேனில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கவேண்டும். செல்விக்கு முப்பத்தைந்து ஆக அப்போது இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்கு இருபத்தொன்பது. இரண்டு பேரும் போய் ஃபாரம் வாங்கி வந்தோம். எங்கள் வரிசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள்.

அக்காவுக்கு யார் சொன்னார்களோ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டி வந்து பஸ் மாறி ஒதியம்பட்டுக்கே வந்துவிட்டாள். நான் செல்வி வீட்டில் இருந்தேன். அக்கா கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செல்வியின் மகளிடம் அதைக் கொடுத்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.

"ஃபாரம் வாங்கிட்டியாமே."

"ஆமாக்கா. நாளிக்கி குடுக்கணும்."

"துணி தைக்கிற எடத்துல உன் கைக்கு இன்னாடி வேல? சட்டைக்குக் காலர் வெச்சிக்கினு ஒக்காந்திருப்பியா?"

"வேல வாரத்துல மூணு நாளாயிடுச்சுக்கா."

"டல்லுன்னா அப்படித்தான் இருக்கும். இப்ப நீ வுட்டுட்டுப் போனா, ஆர்டர் வரச்சொல்ல உன் எடத்துல வேற ஆள ஒக்கார வெப்பாங்க. ஒம்பது வருஷ சர்வீசு. புதுசா சேந்தவளா திரும்பி வருவியா?"

செல்வி அந்த ஃபாரத்தை நான்காக மடித்து வைத்திருந்தாள். விரித்துப் பார்த்தாள். மறுபடியும் மடித்தாள்.

"வருமாக்கா? நெசமா சொல்லு. எனக்கு வயசு தாண்டிப்புடும். அப்பறம் அங்கயும் எடுக்கமாட்டாங்க."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தை இன்றுவரை நான் மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவள் கண் இமைக்கவில்லை, குரல் தடுமாறவில்லை.

"வரும்டி. வராம எங்க போவும்?"

செல்வி ஃபாரத்தைக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. எங்கள் வரிசையில் ஒருத்திகூடக் கொடுக்கவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் அக்கா பாகூர், வில்லியனூர் என்று ஒவ்வொரு வீடாகப் போய் வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

சித்திரை மாதம். வேலை இல்லாத நாள்தான். ஆனாலும் ஷிஃப்ட் நேரத்துக்கு வந்துவிடுங்கள், மெஷின் துடைக்கவேண்டும் என்று அக்கா சொல்லியிருந்ததால் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். கேட்டுக்குள் இரண்டு லாரிகள் நின்றன. உள்ளேயிருந்து நான்கு ஆட்கள் ஒரு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சாமி ஸ்டிக்கரை வைத்து அது செல்வியின் மெஷின் என்று தெரிந்தது. பின்னாலேயே என்னுடையது வந்தது.

அக்கா எங்களுக்கு முன்னாலேயே வந்து வாட்ச்மேன் அறைக்கு வெளியே நின்றிருந்தாள். செல்வி ஓடிப்போய் அவளிடம் கேட்டாள்.

"இன்னாக்கா இது? எங்க எடுத்துனு போறாங்க?"

"சர்வீசுக்குப் போவுது."

"எல்லா மெஷினுமா?"

"மொத்தமா பண்ணா நல்லதுன்னு பண்றாங்க."

அப்போது மேனேஜர் ஆபீசிலிருந்து வந்தார். கையில் ஒரு பெட்டி. ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர் மாதிரி இருந்தார். செல்வி அவர் எதிரில் போய் நின்றுகொண்டாள்.

"சார், கம்பெனிய மூடிட்டீங்களா?"

அவர் அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னாலிருந்த அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா, நீங்க இவங்ககிட்ட சொல்லலியா? தீபாவளிக்கு முன்னாடியே உங்களக் கூப்பிட்டு விவரமா சொன்னேனே. லைன்ல பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, வேற வேலை பாத்துக்கட்டும்னு சொன்னேனே."

லாரியில் அடுத்த மெஷினை ஏற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "டல்லு தொடரும்னுதான சார் சொன்னீங்க."

"தொடரும், யூனிட்டை நடத்த முடியாதுன்னு சொன்னா அதுக்கு வேற என்னம்மா அர்த்தம்?" என்றார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

செல்வி விரல்விட்டு எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. தீபாவளி, கார்த்திகை, மார்கழி, பொங்கல்.

"பொங்கலுக்கு என் வூட்டுக்கு வந்த."

அக்கா லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரிஞ்சிக்கினு வந்த."

செல்வி கத்தவில்லை. அடிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். திரும்பிப் பார்த்தபோது, அக்கா லாரிக்காரரிடம் போய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசித் தண்டு உடையாமல் பார்த்து ஏற்றுங்கள் என்று சொல்லியிருப்பாள். கையை அப்படித்தான் காட்டினாள்.

ரெடிமேட் கம்பெனியில் அடுத்த தடவை ஆள் எடுத்தபோது நான் சேர்ந்துவிட்டேன். எனக்கு வயது இருந்தது. செல்வி என்னோடு வந்து வரிசையில் நின்றாள். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்த பெண், பிறந்த தேதிக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். செல்வி கொஞ்ச நாள் நடவு வேலைக்குப் போனாள். பிறகு எறா கம்பெனி. விடிவதற்கு முன்னால் வேன் வந்து அழைத்துப்போகும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறாலை உரிக்கவேண்டும். கையுறையைப் போட்டால் வேகம் வராது என்று பலர் கழற்றிவிடுவார்கள். இரண்டு மழைக்காலத்தில் அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்து உரிந்து, வெள்ளை வெளேரென்று மரத்துவிட்டது. ஒருநாள் என் புது ரவிக்கைத் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டாள். "ஒண்ணும் தெரிலடி. காட்டனா, சில்க்கா?" என்று கேட்டாள்.

இடையில் நான் ஒரு தடவை அக்காவைப் பார்க்கப் போனேன். ரெடிமேட் கம்பெனியிலிருந்து அவள் வீடு பக்கம்தான். திட்டவேண்டும் என்றுதான் போனேன். வாசலைத் தாண்டி உள்ளே போனேன். ஒரே அறை. சுவர் ஓரமாக இரும்புக் கட்டில். அதில் அவர். ஒரு பக்கம் வாய் இழுத்து, கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. அறை முழுக்க டெட்டால் வாசனை. அதற்குக் கீழே வேறொரு வாசனை. அக்கா கஞ்சியை ஸ்பூனில் எடுத்து அவர் வாயின் நல்ல பக்கத்தில் ஊற்றினாள். பாதி வழிந்தது. துணியால் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள்.

"பாத்துக்கினு போவத்தான வந்த? பாத்துக்கோ" என்றாள்.

"ஏங்க்கா சொல்லல?"

அவள் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"சார் சொன்னப்பவே புரிஞ்சிது. புரியாத மாரி இருந்துட்டேன். காத்தால ஆறு மணிக்கு வேன் வரும். இவர அவரு அக்காகிட்ட வுட்டுட்டு ஏறி ஒக்காந்தன்னா சாயங்காலம் ஆறு வரைக்கும் நான் ஒரு மனுஷி. உங்க கூட சிரிச்சிக்கினு, சண்ட போட்டுக்கினு. நீங்க எல்லாம் போயிட்டீங்கன்னா லைன் ஏது? லைன் இல்லன்னா..." ஸ்பூனால் அந்த அறையைச் சுற்றிக் காட்டினாள். "ஒரு மாசம். இன்னொரு மாசம். அப்படித்தான் நெனச்சேன். வயசு விசயம் எனக்குத் தோணவே இல்லன்னு சொன்னா நம்புவியா?"

"நம்பமாட்டேங்க்கா."

"ம். தோணுச்சி."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அவரு எப்படி இருக்காருன்னு யாராச்சும் கேட்டா..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எதையும் செல்வியிடம் சொல்லவில்லை.

போன வருஷம் ஆவணியில் அவர் இறந்துவிட்டார். ரெடிமேட் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. செல்விக்குப் போன் செய்தேன். அவள் வரமாட்டாள் என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால், "பஸ் ஸ்டாப்ல நில்லு, வந்துர்றேன்" என்றாள்.

வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, கண்ணாடி மூடியுள்ள ஐஸ் பெட்டியில் அவரை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாலைந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா அழவில்லை. தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியின் கண்ணாடியில் பனி மூட மூட முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வருகிறவர்கள் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான்.

"ரெண்டு நாளா டல்லா இருந்தாரு. கஞ்சி எறங்கல."

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். செல்வி நேராக அவள் எதிரில் போனாள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று வழிவிட்டார்கள். செல்வி தரையில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"ரெண்டு நாளா டல்லா..."

"இன்னா ஆச்சுன்னு கேட்டேன்."

அக்காவின் கை கண்ணாடி மேலேயே நின்றது. "செத்துட்டாருடி" என்றாள்.

"கம்பெனி?"

"மூடிட்டாங்க."

"எப்பத் தெரியும்?"

சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கிழவி, "எழவு வூட்ல இன்னா பேச்சும்மா இது, எழுந்திரு" என்று செல்வியின் தோளைப் பிடித்து இழுத்தாள். செல்வி அசையவில்லை.

"உன் வூட்டுக்கு வரச்சொல்லயே தெரியும். உன் கையப் புடிச்சன் இல்ல, அப்பவே தெரியும்" என்றாள் அக்கா. சொல்லி முடித்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையின் ஆரம்பம் என்று சொல்லமுடியாது. எதையோ வயிற்றிலிருந்து பிடுங்கியதுபோல் இருந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து செல்வியின் மடியில் விழுந்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள். செல்வியின் கை இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. ஒரு கைகூட அக்காவின் முதுகுக்குப் போகவில்லை. மற்றப் பெண்கள் வந்து அக்காவைத் தூக்கிக்கொண்ட பிறகு, புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

பிணம் எடுக்கும்வரை நாங்கள் இருக்கவில்லை. அக்கா அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ உறவுக்காரர்களிடம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை.

பாண்டியில் பஸ் மாறி வில்லியனூர் வண்டியில் ஏறினோம். செல்வி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மூலக்குளத்தில் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. இருபக்கமும் கடைகளில் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவ வாயால கேக்கணும்னு ரெண்டு வருஷமா இருந்தன்டி" என்றாள். "ராத்திரி படுத்தா அதான். பகல்ல எறா உரிக்கச்சொல்லயும் அதான். ஒரு வாட்டி கேட்டுட்டா போதும், பாரம் கொஞ்சம் எறங்கிடும்னு."

"கேட்டுட்டல்ல."

"கேட்டுட்டேன்."

முன்னால் இருந்த வண்டிகள் நகர ஆரம்பித்தன.

"எறங்கல" என்றாள். பிறகு முந்தானையைக் காதோடு போர்த்திக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். "காத்தால நாலு மணிக்கு வேன் வரும். வில்லியனூர் வந்தா எழுப்பு."